சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்தேன்

ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அண்ணனூரில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. மூன்று மாதமாக எனக்கு ஈசிசேர்தான் கதி. முட்டி வலி என்று சொல்லித் தெருக்குழாய்க்குக்கூடப் போகமாட்டேன். குடம் சுமப்பதெல்லாம் என் மனைவிதான்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தேன். காற்றுவாக்கில் தொழிற்சாலைச் சங்கு கேட்டது. 'ஐயோ, இரண்டாம் ஷிப்ட்!' என்று பதறி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். கேட்டை மூடிவிடுவார்களே என்ற பயத்தில் வெயில்கூடத் தெரியவில்லை.

கேட்டில் நின்ற காவலாளி என்னைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, இங்க வந்துகீறே? உனக்கு மாலை போட்டு அனுப்பி மூணு மாசம் ஆவுதே!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் உறைத்தது, இவ்வளவு தூரம் மிதித்தும் முட்டியின் நினைப்பே வரவில்லை! நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து நீட்டினாள். "அப்படியே ரெண்டு குடம் பிடிச்சிட்டு வந்துடுங்க."

அன்றிலிருந்து குடம் என் வேலை. தினமும் காலைச் சங்குக்குக் கிளம்பி, கேட் வரை மிதித்துத் திரும்புகிறேன். உடம்பும் தெம்பாக இருக்கிறது, மனசும் தெம்பாக இருக்கிறது.

போன மாதம் அந்தக் காவலாளியும் ஓய்வு பெற்றார். மறுநாள் சங்கு ஊதியதும் அவர் வீட்டு வாசலில் போய் சைக்கிள் மணியை அடித்தேன்.

"இன்னும் என்னய்யா தூக்கம்? ஷிப்டுக்கு நேரமாச்சு, வா!"