அனுபவம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

பன்னிரண்டாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

செல்போனுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் செக்கிங். நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து தாண்டினால் காண்டிராக்ட்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரகடத்தில், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்டிராக்ட் ஆபீஸில் போர்டு லைனுக்கு ஆள் எடுப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள்.

"யக்கா, பத்தாவது மார்க் ஷீட் மட்டும் எடுத்துக்கினு போ. செக்கிங் கிக்கிங்னு வாயத் தொறந்த, அவ்ளோதான். வேல தெரிஞ்சவங்களக் கண்டாலே அவனுங்களுக்கு ஆவாது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இன்னாத்துக்குப் பொய்? நீதான் வாயே தொறக்க மாட்டியே. அப்டியே இரு, போதும்."

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான். டிகிரி முடித்த பெண்கள்கூட சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டிவிட்டுப் பத்தாவது தாளோடு போய் வரிசையில் நிற்பார்கள்.

ஆபீஸில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். முட்டை பப்ஸ் தின்றுகொண்டே விண்ணப்பங்களைப் புரட்டினார். யாரோ ஒருத்தியின் விண்ணப்பத்தில் விரலைத் துடைத்தார். அவள் போட்டோவில் எண்ணெய் ஊறியது.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"வீட்லதான் சார்."

கண் தெரிகிறதா என்று பார்க்க ஒரு போர்டை நீட்டினார். அதை வாங்குவதற்கு முன் என் இடது கை மேஜை ஓரத்தில் பட்டையைத் தேடியது. உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் போர்டைக் கெடுக்காமல் இருக்க லைனில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை. அங்கே ஏது பட்டை? வெறும் கையால் விளிம்பை மட்டும் பிடித்து வாங்கினேன்.

அவர் என் கையையே பார்த்தார்.

"வீட்ல எந்த லைன்மா? சாம்பாரா, ரசமா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பதினாறு வருஷமா! இங்க சூப்பர்வைசருக்கே இருபத்திரண்டு வயசுதான். அவன் தப்பா சொன்னா சும்மா இருப்பீங்களா? பொண்ணுங்களச் சேத்துக்கிட்டு சட்டம் பேசுவீங்க. இல்லாட்டி ரெண்டே மாசத்துல வேற எடம் பாத்துப் போயிடுவீங்க."

"மாட்டேன் சார். சொல்றதச் செய்வேன். தப்பா இருந்தாலும் பேச மாட்டேன்."

இதைச் சொன்னது நான்தான். ஒரு சின்னக் கீறலுக்காகப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியவள்.

"அப்ப முன் அனுபவம் இல்லைன்னு எழுதிக் குடுங்க. புது ஆளுன்னுதான் அனுப்புவேன்."

எழுதினேன். "கையெழுத்து நல்லா இருக்கே" என்று சொல்லி, அந்த எண்ணெய் விரலாலேயே தாளை வாங்கிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை அவர்மேல்தான் அருவருப்பாக இருந்தது. இறங்கும்போது என்மேல். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். என் கையில் எண்ணெய் படவே இல்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனேன். மணிக்கட்டில் பட்டையை எப்படிக் கட்டுவது என்று ஒரு பெண் காட்டினாள். பார்த்துக் கட்டிக்கொண்டேன்.