சம கோணங்களுக்காகத் துவாக்குடி வரை

காலை 7.20. ஸ்ரீரங்கத்தில் தோழி விஜயா வீட்டிலிருந்து கிளம்பினேன். வையம்பட்டியில் நான் கணக்கு டீச்சர்; முந்தின நாளே வந்துவிட்டேன். துவாக்குடியில் ஒரு தனியார் அரங்கில் கருத்தரங்கு. பேச வருபவர் ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. தினமும் பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தபின், ஏழு வருஷமாக நான் மல்லுக்கட்டும் கேள்வி அது. அவர் சொல்வது உண்மையானால் என் நோட்டுகளை எடைக்குப் போட வேண்டியதுதான்.

"உன்னைப் பேசக் கூப்பிடவே இல்லையேடி" என்றாள் விஜயா.

"கேள்வி கேக்கறதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம்."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, 8.05க்குத் துவாக்குடி பஸ் பிடித்தேன். பக்கத்து சீட்டு அம்மா திருவெறும்பூரில் பட்டறை வேலைக்குப் போகிறவர். என் மடியிலிருந்த படத்தைக் காட்டி, "என்னங்க இது?" என்றார்.

"உருண்டை மேல நாலு புள்ளிங்க. எந்த ரெண்டை எடுத்தாலும் மையத்துலேர்ந்து பாத்தா ஒரே கோணம். ஒரே மாதிரியான குவாண்டம் துகள்களை இந்த நாலு திசையிலயும் திரும்பத் திரும்ப அளந்தா, அதோட நிலை முழுசா தெரிஞ்சிடும். இது ரெண்டே நிலை இருக்கற துகளுக்கு; அதை ரெண்டு பரிமாணம்னு சொல்வோம். மூணுன்னா ஒன்பது திசை, நாலுன்னா பதினாறு. எல்லாப் பரிமாணத்திலயும் இப்படி அமையுமாங்கறதுதான் கேள்வி."

"அமையலைன்னா?"

"அதையும் யாராவது நிரூபிக்கணுங்க."

திருவெறும்பூரில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

10.15. பேச்சாளர் கரும்பலகையில், பரிமாணத்தின் வர்க்கத்துக்கு மேல் சம கோணத் திசைகள் இருக்க முடியாது என்று அழகாக நிறுவினார். பிறகு, "ஆகவே அத்தனை திசைகளும் உண்டு" என்று எழுதி முடித்தார். கைதட்டல்.

எழுந்தேன். "அதுக்கு மேல போக முடியாதுன்னு காட்டினீங்க. அத்தனையும் இருக்குன்னு காட்டலையே சார்?"

"நீங்க எந்த இன்ஸ்டிட்யூட்?"

"வையம்பட்டி ஸ்கூல்."

சிரிப்பு எழுந்தது. "உட்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

உட்காரவில்லை. பலகை வரை நடந்துபோய் சாக்பீஸை எடுத்தேன். "நீங்க போட்டது கலப்பெண்ல; அதை விட்டுட்டு மெய்யெண்ல இதே வாதத்தைப் போடுங்க. நாலு பரிமாணத்துல மேல்வரம்பு பத்து திசைன்னு வரும். ஆனா சம கோணத்துல ஆறுக்கு மேல வைக்க முடியாது. அது நிரூபணமான விஷயம். உங்க வாதம் சரின்னா பத்தும் இருந்தாகணும். மீதி நாலு எங்க சார்?"

அவர் பலகையை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு கடைசி வரியைத் தன் கையாலேயே அழித்தார். "இன்னும் நிரூபணம் ஆகலை" என்றார்.

12.40க்குத் திரும்பும் பஸ். ஜன்னலோர சீட்டு. வெளியூர் போகிறவர்கள் எதையாவது முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நான், ஒன்று இன்னும் முடியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, வேலை செய்யத் திரும்பிக்கொண்டிருந்தேன்.