நீலமோகனும் ஒரு வெள்ளைக் கிளியும்

விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ராஜ்மோகனை ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணம் எடுத்தான். மண்டபத்துக் குண்டு பல்புக்காக வைத்த கலர் செட்டிங்கை மாற்ற மறந்து, வெயிலுக்கு வந்தும் சுட்டுத் தள்ளினான். பொண்ணு, மாப்பிள்ளை, பந்தல், வாழைமரம் எல்லாம் நீலம். அன்றிலிருந்து அவன் நீலமோகன். டீக்கடைக்காரர்கூட, "நீலமோகா, டீ என்னா கலர்ல போடட்டும்?" என்று சிரிக்காத முகத்தோடு கேட்பார்.

அந்தப் பெயரைக் கழுவ 2008-இல் ஒரு வழி கிடைத்தது. பீங்கான் பொம்மைக் கம்பெனி முதலாளி திருமால் காலண்டருக்குப் படம் கேட்டார். பொழுது சாய்ந்த வானம், கம்பெனிக் கட்டடம், சூளை வாயில் நெருப்பு, முன்னால் தேங்கிய மழைத்தண்ணியில் அதன் நிழல். மறுநாள் சூளையை அணைத்துப் பிரிக்கிறார்கள். எடுத்தால் இன்றைக்குத்தான். நீலமாக வந்தால் கடலூர் போட்டோக்காரனை வைத்துச் சாமி படம் போட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

சூரியன் இறங்கிவிட்டது. ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, கலரை ஆட்டோ செட்டிங்கில் வைத்து அமுக்கினான். நெருப்பு, பால் கூடிய டீ மாதிரி வெளுத்துப் போயிருந்தது. வெள்ளைப் பொருள் ஒன்றைக் காட்டினால் கேமரா கலரைச் சரிசெய்துகொள்ளும் என்று எங்கோ கேட்டிருந்தான். அதே கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் அவன் பொண்டாட்டி கனகா வாசலில் நின்றிருந்தாள். "வெள்ளையா ஒண்ணு எடுத்துட்டு வா, சீக்கிரம்" என்றான். ஒரு கிளி பொம்மையோடு ஓடிவந்தாள்.

கிளியைக் காட்டி செட் பண்ணி எடுத்தான். படத்தைப் பார்த்தான். கட்டடம் நீலம், தண்ணி நீலம், நெருப்புகூடச் செத்த நெருப்பு.

"வெள்ளைதானடி கேட்டேன்?"

"எங்க கம்பெனில வர்ணம் பூசாததுக்கெல்லாம் வெள்ளைன்னுதாங்க பேரு. இது சந்தனக் கலர் மண்ணு."

அரையிருட்டில் அவனுக்கு அது தெரியவில்லை. மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கேமரா, அதைச் சமன் செய்ய நீலத்தை அள்ளிக் கொட்டியிருந்தது. பின்னால் திருமாலின் புல்லட் வந்து நின்றது. வானம் இருண்டுகொண்டே வந்தது.

மேகப் படம் போட்ட செட்டிங்கைத் தட்டினான். நெருப்பு சிவந்தது, ஆனால் வானமும் செம்மண்ணாகிவிட்டது. மிச்சம் இருந்தது சூரியப் படம் போட்டது. சூரியனே இல்லாத நேரத்தில் அதை எவன் வைப்பான்? வைத்தால் வானம் நீலமாகத்தான் வரும். நீலத்திலிருந்து தப்பத்தானே இத்தனை பாடு? வேறு வழி இல்லை. வைத்தான். அமுக்கினான். ஷட்டர் மூடும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

திருமால் தோள்மேல் எட்டிப் பார்த்தார். "வானம் நீலமா இருக்குதே?"

"நிமிந்து பாருங்க மொதலாளி."

அவர் வானத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார். நீலம்தான். அதன் அடியில் சூளை மட்டும் செக்கச்செவேல் என்று, நிஜத்தில் எப்படியோ அப்படியே.

"நெருப்பு நெருப்பாவே இருக்குது. இதையே போட்ருவோம்" என்றார்.

பொங்கலுக்கு முன்பே காலண்டர் வந்தது. படத்தின் கீழே பெயர் போடச்சொல்லி அச்சகத்தில் திருமாலே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். திட்டக்குடி வரை கடை கடையாக அது தொங்கியது: படம், நீலமோகன்.