அதிகாரி விட்டுச் சென்ற சப்பாத்து

எண்பதுகளில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். கதிர்வீசும் தாது கலந்த ஈயமணலைப் பிரித்தெடுக்கும் ஆலையின் கழிவுநீரில் கதிர்வீச்சை அளக்க ஓர் அதிகாரி அங்கே வருவார். மெலிந்தவர்; மென்மையாகப் பேசுபவர். காரிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையால் சப்பாத்தைத் துடைத்துக்கொள்வார். கழிவு வெளியேறும் இடத்தில் நீரை எடுக்கமாட்டார். அது பெரிய வாய்க்காலில் கலந்து நீர்த்த பிறகே எடுப்பார்.

“பிள்ளைங்க குளிக்கிறது மேல, கழிவு வந்து விழற இடத்துல, சார். அங்க எடுங்களேன்,” என்றேன் ஒருநாள்.

“ரூல்ஸ்படி இங்கதான், டீச்சர். எல்லாம் அளவுக்குள்ள இருக்கு லா. பயப்படாதீங்க.”

ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி, தன் மகன் குளிக்கும் இடத்திலிருந்தே ஒரு வாளி மொண்டு வந்தாள்.

“பயமில்லன்னா காலைக் கழுவிக்குங்க, சார்!” என்று அவர் காலில் ஊற்றிவிட்டாள்.

அவர் அலறித் துள்ளினார். ஆனால் யாரையும் ஏசவில்லை. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் கரையிலேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு காருக்கு நடந்தார்.

நீர் பாதுகாப்பானது என்றே அவருடைய அறிக்கை வந்தது. அந்த மென்மையான குரலை இன்றும் வெறுக்கிறேன். கூசிக் கூசி நடந்த அந்த வெளுத்த பாதங்களை மட்டும் ஏனோ என்னால் வெறுக்க முடியவில்லை.

சப்பாத்தைத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எவரும் தொடவில்லை. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனார்கள்.