அம்புக்குறி பார்த்த பக்கம்

அன்று என் வீட்டு கார் போர்ச்சில் நாலு பேர் இருந்தோம்: நான், என் மனைவி, அவள் தம்பி, சிலிம் ரிவரிலிருந்து ரேடியோ விற்க வந்த அண்ணன். வேறு யாருமில்லை.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூன்று முறை பரீட்சை எழுதித்தான், ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கிடைத்தது. பழைய செட் வாங்கி ஏமாந்துவிடுவேனோ என்று இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஜெலாப்பாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் எங்களைப்போல் ரேடியோவில் பேசுகிறவர். ரேடியோ எவ்வளவு சக்தி அனுப்புகிறது என்று அளக்கும் வாட் மீட்டரை அவரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். நூறு வாட் காட்டினால் தொள்ளாயிரம் வெள்ளி என்று பேச்சு.

மீட்டரின் நடுவில் ஓர் உருளையைச் செருக வேண்டும். அதன் முகத்தில் அம்புக்குறி இருக்கும். ரேடியோவைத்தானே அளக்கிறோம் என்று அம்பை ரேடியோ பக்கம் பார்க்க வைத்தேன். ஏரியலுக்குப் பதிலாக டம்மி லோடை மாட்டினேன். வருகிற சக்தியையெல்லாம் சூடாக்கி விழுங்கிவிடும் பெட்டி அது. மைக்கை அழுத்தினேன். மீட்டரில் முள் அசையவில்லை.

“ரேடியோவுல முள்ளு ஏறுது பாருங்கலா,” என்றார் அண்ணன்.

“அது தன்னைப் பத்தி நல்லாத்தான் சொல்லும்,” என்றான் மைத்துனன்.

“நேத்து சாயங்காலம்கூட ஜப்பான்காரன்கிட்ட பேசுனேன் தம்பி. பொய் சொல்லவா இவ்ளோ தூரம் மோட்டர்ல வாரேன்?”

“நீங்க பேசுனீங்க. அவன் கேட்டானா?”

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அண்ணன் தோட்டத்து வீட்டைக் காலி செய்து ஃபிளாட்டுக்குப் போகிறவர். அங்கே ஏரியல் கட்ட இடமில்லை. “சரி, அறுநூறு குடுங்க,” என்றார். ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று கொடுத்தேன். வைத்த தேநீரைத் தொடாமல் கிளம்பினார்.

டம்மி லோடைக் கழற்றினேன். கை சுட்டது. ஒன்றுமே வராத இடத்தில் சூடு எப்படி வந்தது? அவர் மோட்டர் சைக்கிள் இன்னும் எங்கள் சந்து முனையைத் தாண்டவில்லை. கூப்பிட்டிருக்கலாம். எதற்கெல்லாமோ பயப்படுகிறவன், அப்போது பேசாமல் நின்றேன்.

மறுநாள் ரிப்பேர் பார்ப்பாரா என்று செட்டையும் மீட்டரையும் பாயிடம் கொண்டுபோனேன். எப்படி வைத்தேன் என்று கேட்டார், காட்டினேன்.

“அட போப்பா! அம்பு லோட் பக்கம்லா பாக்கணும். நீ திரும்பி வர்றதை அளந்திருக்க. லோட் நல்லாயிருந்தா என்ன திரும்பி வரும்?”

உருளையைத் திருப்பிவிட்டு மைக்கை அழுத்தினார். முள் நூறில் போய் நின்றது.

அன்றே அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “மீதியை அனுப்பிடுறேன் அண்ணே, பேங்க் நம்பர் குடுங்க.”

“காசு இருக்கட்டும் தம்பி. அன்னிக்கி இருந்தவங்க எல்லாம் இருக்கணும். அதே இடத்துல, அதே மீட்டரை வச்சுக் காட்டுங்க. உங்க மச்சானும் நிக்கட்டும். அப்பறம் வாங்கிக்கிறேன்.”

மைத்துனன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கேட்டால் தீபாவளிக்கு வாரேன் என்கிறான். அந்த ரேடியோவில் தினமும் பேசுகிறேன். சிக்னல் பிரமாதம் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன். கை சுட்டதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நாலு பேரும் கூடும் அன்று அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அதுவரை பாக்கி, முந்நூறு வெள்ளி.