பீரோக்காரரின் இடுப்பு

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். இளவட்டமாக இருந்த காலத்தில் ஓர் இரும்பு பீரோவை யார் துணையும் இல்லாமல் முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கியதால் வந்த பெயர். அந்தக் கதை சொல்லச் சொல்ல வளர்ந்து, பீரோவுக்குள் துணிமணி இருந்தது, ஒரு பூனையும் தூங்கிக்கொண்டிருந்தது என்கிற அளவுக்குப் போய்விட்டது. அவரும் மறுத்ததில்லை. அந்தப் பெயரோடேயே தலை நரைத்தது. இடுப்பும் போனது.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் செருப்பு மாட்டக் குனியும்போது ஒரு பிடிப்பு. அப்புறம் லாரியிலிருந்து குதிக்கும்போது ஒரு வெட்டு. பிறகு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும், அப்புறம் பழையபடி ஆரம்பிக்கும். தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தும்முவார்.

கம்பெனியில் இது ஒருவருக்குத்தான் தெரியும். தங்கையின் புருஷனுக்கு. பீரோதான் அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து இருவரும் ஜோடி. படியில் சாமான் இறக்கும்போது கீழே நிற்கிறவர் மேல்தான் முழுக் கனமும் வரும். மேலே பிடிக்கிறவர் நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆரம்பத்தில் பீரோதான் கீழே நிற்பார். இடுப்பு கெட்டதும், மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே கீழே போய் நின்றுகொண்டார்.

“நகருங்க மாப்ள, அது என் இடம்.”

“நீங்க மேல நின்னு வழி சொல்லுங்க மச்சான். கத்துறதுக்குத்தான் தொண்டை இருக்கே உங்களுக்கு.”

பீரோவுக்குக் கல்யாணம் கூடி வந்து கலைந்துபோனது. அதற்குப் பிறகு தங்கை வீட்டு முன்னறையிலேயே இருந்துவிட்டார். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, குறுகலான படிக்கட்டு. சுவர் மெல்லியது. விடிகாலையில் எழுந்திருக்க அவர் படுகிற பாடு தங்கைக்கு அப்படியே கேட்கும். ஒருநாள் அவள் பொறுமை இழந்துவிட்டாள்.

“அண்ணா, நீங்களா ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, நான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகவா?”

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் இடுப்பைத் தாங்குகிற தசையெல்லாம் தளர்ந்துபோயிருக்கிறது என்று சொல்லி, பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் பாரம் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். கம்பெனியில் விடுப்பு கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் புதிதாக ஓர் ஆளை ஜோடி சேர்த்தார்கள்.

பிசியோ மேடம் கறாரான பெண்மணி. லேசர் வைக்கப்போகிறோம் என்றதும் பீரோ கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“உள்ள பொசுக்கிடுமா மேடம்?”

“பொசுக்காது, அறுக்காது. சூடுகூட சரியா தெரியாது. கண்ணாடிய மட்டும் கழட்டாதீங்க.”

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தார். டார்ச் லைட் மாதிரி ஒன்றை இடுப்பில் ஒவ்வோர் இடமாக வைத்து எடுத்தார் மேடம். மெல்லிய பீப் சத்தம். அவ்வளவுதான். சில தடவை போய்வந்ததும் வலி கொஞ்சம் தணிந்தது. அவருக்கு அந்தக் கட்டில் ரொம்பப் பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தூக்கிய மனுஷனுக்கு, சும்மா படுத்திருக்க, இன்னொருவர் பார்த்துப் பார்த்துச் செய்கிற சுகம் புதிது. உடற்பயிற்சி மட்டும் கசந்தது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, மண்டி போட்டு ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று வீட்டில் செய்யாமல் விட்டார்.

“வீட்டுல பண்றீங்களா?”

“தவறாம பண்றேன் மேடம்.”

“அப்படியா, எங்க, காட்டுங்க.”

மண்டி போட்டுக் கையை நீட்டியதும் கால் ஆடும் மேஜை மாதிரி உடம்பு வெடவெடத்தது. பீரோ சுமந்தவர் முகம் செத்துப்போனது.

“இங்க பாருங்க. லேசர் வலிய கொஞ்சம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கவும் கேக்காது. வலி அடங்கியிருக்கிற நேரத்துல நீங்க தசைக்கு வேலை கொடுத்தாத்தான் அது நிலைக்கும். என் பங்க நான் செய்யறேன், இடுப்ப நீங்கதான் தூக்கணும்.”

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தார். காலையில் போர்வையை விரித்து அவர் மண்டி போடும்போது, வேலைக்குக் கிளம்புகிற மாப்பிள்ளை வாசலில் நின்று, “மச்சான் பறக்கப் போறாரு, எல்லாரும் ஒதுங்குங்க” என்பார். தங்கை சிரிப்பாள்.

ஒருநாள் அவர் லேசர் கட்டிலில் இருக்கும்போது, ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“அசையாதீங்க, முடியப்போகுது” என்றார் மேடம்.

அடிக்கட்டும், என்ன குடியா முழுகிவிடப் போகிறது என்று படுத்திருந்தார். முடிந்து எழுந்தபோது, கட்டில் விளிம்பைப் பிடிக்காமலே எழுந்திருப்பது உறைத்தது. குனிந்தார். செருப்பை மாட்டினார். நிமிர்ந்தார். எந்தப் பிடிப்பும் இல்லை. சந்தோஷத்தில் மேடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் போனை எடுத்தார். கம்பெனியிலிருந்து அழைத்திருந்தார்கள்.

ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து மரஅலமாரி இறக்கியிருக்கிறார்கள். மேலே பிடித்த புது ஆளுக்குப் பிடி நழுவிவிட்டது. கீழே மாப்பிள்ளை.

உயிர் பிழைத்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, நாலு பேர் தூக்கி வந்து உள்ளறைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

யாரும் பீரோவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. லேசருக்குப் போவதை நிறுத்தினார். போர்வை விரிக்கவில்லை. அந்த மனுஷன் அசையாமல் கிடக்கும்போது நான் கையைக் காலை நீட்டி உடம்பைத் தேற்றுவதா என்று வீம்பு. வலி திரும்பி வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருநாள் காலையில், தங்கை கால் பக்கம், பீரோ தோள் பக்கம். தூக்கியபோது இடுப்பில் சுரீரென்று வெட்டியது. பிடி விட்டுப்போனது. மாப்பிள்ளை சரிந்து தரையில் விழுந்தார். பீரோவும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

“அப்ப அந்த பீரோவ இறக்கினதெல்லாம் புருடாதானா மச்சான்?” என்றார் தரையில் கிடந்தவர்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

“நீங்க உடம்பக் கெடுத்துக்கிட்டா இவருக்குக் கால் வந்துருமா அண்ணா? சொல்லுங்க, வருமா? ரெண்டு பேரையும் நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?”

அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏன் வரவில்லை என்று மேடம் கேட்கவில்லை, அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. லேசர் வைத்தார். பயிற்சியை அடியிலிருந்து ஆரம்பித்தார். ஆளைத் தூக்குவது எப்படி என்று, தன் உதவியாளரையே நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டிக் கொடுத்தார்: முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திரு.

மெல்ல மெல்ல இடுப்பு தேறியது. தங்கையின் துணை இல்லாமலே மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்கிற அளவுக்குத் தேறியது. ஆனால் காலையில் அவர் போர்வை விரிக்கிற சத்தம் கேட்டால் மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கேலியெல்லாம் நின்றுபோனது.

ஒருநாள் கடையிலிருந்து பையோடு படியேறி வந்தவரைத் தங்கை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்க நிமிர்ந்து நடக்கிறதப் பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கணும்ணா. நான்தானே அன்னைக்கு உங்கள விரட்டினேன்.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வர மாட்டேங்குது. என்னக் கோவிச்சுக்காதீங்க.”

“கோவம் என்னம்மா” என்றார். பையை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் தெருவில் இறங்கிவிட்டார்.

இந்தப் படிக்கட்டில் இனிக் காலந்தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. வேறோர் ஊரில் மாப்பிள்ளையின் அண்ணன் வீடு தரைத்தளத்தில் இருந்தது. அங்கே போவதென்று தங்கை முடிவு செய்தாள். “நீங்களும் வாங்க” என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று மாப்பிள்ளையைக் கைகளில் ஏந்திக்கொண்டு பீரோ படியிறங்கினார். மெலிந்துபோயிருந்த உடம்பு, இருந்தாலும் ஆள் கனம் ஆள் கனம்தான். ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். பாதி வழியில் மாப்பிள்ளை கேட்டார்.

“வலிக்குதா மச்சான்?”

“இல்ல மாப்ள.”

உண்மையிலேயே வலிக்கவில்லை. வலிக்கிறது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று, வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகு நினைத்துக்கொண்டார்.

இப்போது அவர் கம்பெனி லாரி நிறுத்துமிடத்தில் வாசல் காவல் பார்க்கிறார். சாமான் தூக்கவே கூடாது என்றில்லை. அளவாகத் தூக்கலாம் என்று மேடமே சொல்லியிருந்தார். ஆனால் யாரோடும் ஜோடி சேர அவருக்கு மனம் வரவில்லை. தங்கை அவ்வப்போது போன் செய்வாள். மாப்பிள்ளை லைனில் வரமாட்டார். பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

போன வாரம் பேசியபோது, அந்தத் தொலைக்காட்சிச் சத்தம் திடீரென்று நின்றது.

“அண்ணா, பயிற்சிய விட்டுட்டீங்களான்னு கேக்குறாரு.”

பீரோ போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“விடலன்னு சொல்லும்மா.”

அவள் சொல்வது கேட்டது. சற்று நேரம் கழித்துத் தொலைக்காட்சி மறுபடி ஓட ஆரம்பித்தது.