கடலுக்கு நடுவே ஜன்னல் இல்லாத அறை

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் திருப்பதியில் சென்னை பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். இரண்டு சூட்கேஸ், ஒரு கைப்பை, பையில் புளியோதரை. கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, அதுவும் கட்டிய பணத்தில் சேர்த்திதான் என்று தெரியும். தெரிந்தும் பொட்டலம் கட்டினேன். பாஸ்போர்ட்டும் புளியோதரையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு கிளம்பிய முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன்.

நாங்கள் போனது உல்லாசக் கப்பலில். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஒருநாள் முழுக்கக் கடலிலேயே இருந்து, திருகோணமலையைப் பார்த்துவிட்டு நான்கு இரவு கழித்துத் திரும்ப வேண்டும். ஆளுக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பணம். ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கப்பலில் போட்ட சண்டை உங்களுக்கு விளங்காது.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு லாட்ஜ். மூன்று மாடி, பதினெட்டு ரூம். எனக்குப் பிறந்த ஊர் புத்தூர், அவருக்கு நகரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் குடித்தனம். அதில் ஒரு ஜன்னல் இருந்தது. பக்கத்து லாட்ஜ்காரர் ஒட்டிச் சுவர் எழுப்பியதும் அது குருடாகிவிட்டது. செங்கல் வைத்துப் பூசி சாமி படம் மாட்டினோம். அன்றிலிருந்து வெளியே மழையா வெயிலா என்று எனக்குத் தெரிய வேண்டுமென்றால் ரூம் கேட்டு வருகிறவர்களின் காலைத்தான் பார்க்க வேண்டும். கூட்ட நாளில் அந்த அறையும் எங்களுக்குக் கிடையாது. குழந்தை குட்டியோடு யாராவது வந்து நின்றால், "ஒரு நைட்டுதானேமே" என்று என்னைக் கேட்காமலே இவர் சாவியைக் கொடுத்துவிடுவார். நாங்கள் கவுண்டருக்கு அந்தப்புறம் பாயைப் போட்டுப் படுப்போம். எங்கள் தெருவில் லாட்ஜ் நடத்துகிற குடும்பம் எல்லாம் இப்படித்தான்.

இந்த வருஷம் எனக்குச் சீட்டு விழுந்தது. கப்பலில் போக வேண்டும் என்றேன். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள ரூம் வேண்டும், படுத்தபடியே தண்ணீரைப் பார்க்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். எங்கள் லாட்ஜில் படுக்கை விரிப்பு எடுக்க வரும் சலவைக்காரருக்குக்கூட இது தெரியும். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கும் சிநேகிதரிடம் இவர் தனியாகப் போய் டிக்கெட் போட்டு வந்தார். நாங்கள் திரும்பும்வரை தன் தம்பியைக் கவுண்டரில் உட்கார வைப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பஸ் புத்தூர், நகரி, திருத்தணி வழியாக ஒன்பதரைக்கு மாதவரம் வந்தது. அங்கிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோ ஐந்நூறு ரூபாய். ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, யாரை வழியனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார். எங்களையேதான் என்றேன்.

உள்ளே பெட்டிக்குச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். பிறகு சோதனை, பாஸ்போர்ட், இன்னொரு சோதனை, வளைந்து வளைந்து போகும் வரிசை. நம்ம ஊர் க்யூ மாதிரியே கீது, கோவிந்தாதான் இல்லை என்றார் இவர். நல்ல குஷியில் இருந்தார். கப்பலைப் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தேன். பதினோரு மாடி. வெள்ளைச் சுவரில் வரிசை வரிசையாக ஜன்னல்கள், அதற்கு மேலே பால்கனிகள். இதில் நம்முடையது எது என்று எண்ணிக்கொண்டே ஏறினேன்.

ஐந்தாவது மாடி. நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவு. சாவி அட்டையைக் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. லாட்ஜ்காரிக்கு முதலில் கண் போவது மூலைக்குத்தான். மூலை சுத்தம், கட்டிலுக்கு அடியில் சுத்தம், விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் துண்டை மடித்து யானை செய்து வைத்திருந்தார்கள். சின்ன ஃபிரிட்ஜ், பெட்டகம், அலமாரியில் உயிர்காப்புச் சட்டை இரண்டு. குளியலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் எட்டிப் பார்க்கத்தான் முடியும். ஆனால் வெந்நீர் திறந்த உடனே வந்தது. பக்கெட் இல்லை என்று இவர் குறைப்பட்டார்.

கட்டிலுக்கு எதிரே சுவரின் பாதி அகலத்துக்கு நல்ல கனமான திரைச்சீலை, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். இரண்டு கையாலும் விலக்கினேன். பின்னால் நிலைக்கண்ணாடி. அதில் நான் தெரிந்தேன். எனக்குப் பின்னால் புளியோதரைப் பையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தெரிந்தார்.

"ரூம் இன்னாத்துக்குமே? பைய வெக்கறதுக்கு, குளிக்கறதுக்கு. கடல பாக்கணும்னா மேல போய் பாத்துக்கினு வர்லாம்" என்றார்.

அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திருப்பதிக்கு வருகிறவர்கள் பையைப் போடுவார்கள், குளிப்பார்கள், மலைக்கு ஓடுவார்கள். பத்தில் எட்டுப் பேர் ஜன்னல் கொக்கியைத் தொடக்கூட மாட்டார்கள். ரூமுக்காகக் காசு செலவழிக்கிறவன் ஏமாளி என்பது எங்கள் தெருவின் ஞானம். சித்தூர் சிநேகிதர் ஜன்னல் கேபினுக்கு ஆளுக்கு ஆறாயிரம் கூட ஆகும் என்று சொல்லியிருக்கிறார். இந்த மனிதர் தொழில் தெரிந்தவராக உள்கேபின் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கவுண்டருக்குப் போய் ஜன்னல் உள்ள ரூம் கேளுங்கள், கிடைக்கிறவரைக்கும் என்னிடம் பேச்சு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வரவேற்புக் கவுண்டர் ஏழாவது மாடியில். கொஞ்சம் கழித்து நானும் போய்த் தூண் ஓரமாக நின்று பார்த்தேன். அங்கே இருந்தது நெல்லூர்ப் பெண். இவர் மேஜைமேல் முழங்கையை ஊன்றி, தெலுங்கில் குழைந்து, ஏதாவது காலி ஆனால் பாரம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் கவுண்டரில் தினமும் முப்பது பேர் இவரிடம் இப்படித்தான் நிற்பார்கள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் முழுக்க நிரம்பிவிட்டது, காலியானால் முதலில் உங்களுக்குத்தான் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது.

மாலை ஆறு மணிக்குக் கப்பல் கரையை விட்டது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், விருந்து வைத்தார்கள், மேடையில் ஆடினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கீழே வந்து விளக்கை அணைத்ததும் அதே பழைய இருட்டு. இந்த இருட்டு எனக்கு வீட்டிலேயே ஓசியில் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

சனிக்கிழமை முழுக்கக் கடல். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். நான் விடிந்ததும் மேல்தளத்துக்குப் போய் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தேன். பக்கத்து நாற்காலியில் வேலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். என் கதையைக் கேட்டு மனசு கேட்காமல், எங்கள் கேபினுக்கு வந்து காபி குடியுங்கள் என்று கூட்டிப் போனார். எட்டாவது மாடி, பால்கனி கேபின். உள்ளே அதே கட்டில், அதே அலமாரி, ஒரு சோபா கூட. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி, அப்புறம் கடல்தான். கப்பல் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றார் டீச்சர். நல்ல மனுஷி. பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். அடுத்தவர் இடத்தில் மனசு ஒட்டவில்லை.

நான் கேபினுக்குத் திரும்பியபோது பணியாள் வந்து போயிருந்தார். ஒருநாளைக்கு இரண்டு முறை படுக்கையைச் சரிசெய்கிறார்கள். அவருக்கு வேலை வைக்கக் கூடாது என்று காலையில் நானே விரிப்பை மடித்து வைத்திருந்தேன். அதைக் கலைத்து மறுபடி விரித்து இந்தமுறை ஒரு முயல் செய்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திருகோணமலை. மலை சூழ்ந்த அமைதியான துறைமுகம். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டினால் வேனில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கோணேஸ்வரர் கோவில் பாறை உச்சியில் இருக்கிறது. மதில் ஓரம் நின்று குனிந்தால் நேர் கீழே நீலத் தண்ணீர். அங்கே நின்றபோது சண்டையை எல்லாம் மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது செவ்விளநீர் குடித்தோம். வேன் ஓட்டி வந்தவர் ஊர்த் தமிழர். எந்த ஊர் என்று கேட்டார். திருப்பதி என்றதும் முகம் மலர்ந்துபோனது. அடுத்த வருஷம் குடும்பத்தோடு வர எண்ணம், அங்கே தங்க இடம் கிடைப்பது கஷ்டமாமே என்றார்.

"நீங்க வாங்க சார். ரூம் இல்லன்னா எங்க ரூமே குடுக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர், மார்பில் கை வைத்து.

எனக்குள் ஏதோ அறுந்தது. நான் அந்த வேன்காரரைக் குறை சொல்லவில்லை. கடல் தாண்டி வந்தும் இவர் என் அறையைத்தான் தூக்கிக் கொடுக்கிறார். ஆறாயிரம் ரூபாய் ஜன்னல் அல்ல என் பிரச்சினை என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெளிந்தது.

கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னேன்.

"மூணாவது மாடி முன்னாடி ரூம் இனிமே நம்பள்து. நாம அதுல குடியிருக்கப் போறோம்."

சந்துப் பக்கம் பார்த்து இரண்டு ஜன்னல் உள்ள ரூம் அது, மலை தெரியும். நாலு கட்டில் போடலாம் என்பதால் எங்களிடம் முதலில் போகிற ரூமும் அதுதான். அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்.

"சீசன்ல?" என்றார்.

"சீசன்லயும்."

"பிரம்மோற்சவத்துல?"

"அன்னிக்கும்தான்."

"சரி, பாக்கலாம்."

"பாக்கலாம்ன்றது கஸ்டமருக்கு சொல்றது. எனக்கு வேணாம்" என்றேன். கரை கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் மேல்தளத்தில் இருந்தபோது மூச்சிரைக்க மாடியேறி வந்தார். திருகோணமலையில் ஒரு குடும்பம் உடம்பு சரியில்லை என்று இறங்கிவிட்டதாம், ஆறாவது மாடியில் ஜன்னல் கேபின் காலியாம், கூடுதல் பணம்கூட வேண்டாமாம். நெல்லூர்ப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. மூன்று நாளாக நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்தக் கவுண்டரில் போய் நின்று வாங்கி வந்திருக்கிறார். புதுச் சாவி அட்டையை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆசை இல்லாமல் இல்லை. ஒரு ராத்திரி, படுத்தபடியே கடல். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் இவர் மனசுக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். கேட்டாள், கொடுத்தாச்சு என்று நிம்மதியாகப் போய்க் கவுண்டரில் உட்கார்ந்துவிடுவார். பிறகு நான் சாகிறவரைக்கும் அந்தச் செங்கல் சுவர்தான்.

"எனக்கு இது வேணாங்க" என்றேன். "வேணுன்றத நேத்தே கேட்டுட்டேன்."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சூரியன் கடலில் இறங்குவதை முழுசாகப் பார்த்தோம். ஒரு காபி இருநூற்று இருபது ரூபாய், ஒன்று வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்து குடித்தோம்.

செவ்வாய் காலை ஆறரைக்குச் சென்னை. சூட்கேஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கீழே இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் புது விரிப்புகள் வண்டி வண்டியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. எங்கள் லாட்ஜும் இதுவும் ஒரே பிழைப்புதான். ஒருவர் எழுந்த படுக்கையில் மத்தியானத்துக்குள் இன்னொருவரைப் படுக்க வைக்க வேண்டும். என்ன, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தங்களுடைய படுக்கை எது என்று தெரியும்.

மத்தியானம் திருப்பதி வந்தோம். நான் கவுண்டருக்குப் பின்னால் போகவில்லை. பலகையிலிருந்து மூன்றாவது மாடி முன் ரூம் சாவியை நானே எடுத்துக்கொண்டு சூட்கேஸோடு மாடியேறினேன். ரூம் அன்று காலைதான் காலியாகியிருந்தது. சாயந்தரத்துக்குள் அடுப்பு, பாத்திரம், சாமி படம் எல்லாம் மேலே வந்தாயிற்று. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முதல் ராத்திரி ஹாரன் சத்தத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. இருந்தும் ஜன்னலைச் சாத்தவில்லை. கொசுவலை வாங்கி அடித்தேன்.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை வந்தது. வருஷத்திலேயே மோசமான கூட்டம். மாலையில் அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு இறங்கினேன். கவுண்டரில் ஒரு குடும்பம் நின்றது, மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஐந்து பேர். கீழே இருக்கும் எங்கள் பழைய அறை உட்பட எல்லா ரூமும் போய்விட்டது என்று இவர் சொல்லியும் அவர்களில் பெரியவர் ஒருவர் விடவில்லை.

"மேல முன்னாடி ரூம்ல ஜன்னல் தொறந்து கீது, உள்ள ஆளே காணம். அதக் குடுங்க சார், ஒரு நைட்டுதானே" என்றார்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்தார், சாவிப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அது ரூம் இல்லீங்க" என்றார். "எங்க வீடு."

சொல்லிவிட்டுப் போனை எடுத்து அடுத்த தெரு லாட்ஜ்காரரைக் கூப்பிட்டு அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் எந்த இடத்தையும் அவர் வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கவுண்டரில் ஆள் நிற்கும்போது அழுதால் வியாபாரத்துக்கு ஆகாது, காபியை மேஜைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்கு ஏறிப் போனேன்.